அச்சா, திரையா?

கேள்வி: லினக்ஸ் கற்க அச்சுப் புத்தகம் வாங்கலாமா, மின்னூலே போதுமா?
– வாசகர், அரூர்

பதில்: இரண்டுக்கும் வேலை உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் புதிய பதிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. புத்தகத்தில் பார்த்த பொத்தான் திரையில் இடம் மாறியிருக்கும். ஆனால் கோப்பு, அனுமதி, கட்டளை போன்ற அடிப்படைகள் பல்லாண்டாக அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்கு அச்சு நல்லது. கணினி கிளம்பாமல் படுத்துக்கொண்டாலும் புத்தகம் திறக்கும்.

2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழின் ‘எளிய தமிழில்’ மின்னூல்கள் இலவசம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொண்டவை என்பதால் நகலெடுத்துப் பகிரலாம். இணையம் இல்லாதபோது, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ‘மேன்’ (man) என்று ஆங்கிலத்தில் தட்டிக் கட்டளையின் பெயரைச் சேர்த்தால் விளக்கம் வரும்.

மின்னூலை இறக்கிவைத்து, அடிக்கடி புரட்டும் பத்துப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுங்கள். ஓரத்தில் பேனாவால் குறிப்பெழுதுங்கள். அதுவே உங்கள் சொந்தக் கையேடு.