விடை வழி தவறாதது எப்படி?

ஒரு வங்கியின் கிளைகளில் நூற்றுக்கணக்கான டெர்மினல்கள் உள்ளன; அவையாவும் ஒரே பெரிய கணிப்பொறியோடு இணைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். ஒரே விநாடியில் பலர் கேள்வி அனுப்புகின்றனர். ஒருவர் கேட்ட இருப்புத்தொகை வேறோர் ஊர்த் திரையில் தோன்றிவிட்டால்? இதைத் தடுக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பைக் கொண்டு ஆராய்வோம்.

அப்பல்லோ விண்கலத்தின் எண்ணற்ற பாகங்களின் பட்டியலைக் கையாளவே இது முதலில் எழுந்தது. 1968 ஆகஸ்டு 14ஆம் நாள் கலிபோர்னியாவின் டவுனி நகரில் ஒரு டெர்மினலில் ‘ரெடி’ என்ற சொல் அச்சாயிற்று. அமைப்பு அன்று பிறந்தது என்பர். இன்றும் அது உழைக்கிறது.

டெர்மினலில் தட்டும் செய்தியின் தொடக்கத்தில் எட்டு எழுத்துக்கு மிகாத ஒரு குறியீடு இருக்கும். எந்தப் புரோகிராமுக்குரிய செய்தி என்பதை அது காட்டும். அமைப்பு அச்செய்தியை, அனுப்பிய டெர்மினலின் பெயரோடு, வரிசையில் வைக்கிறது. புரோகிராம் தன் முறை வரும்போது அதை எடுத்துக்கொள்கிறது. விடையை அமைப்பிடமே ஒப்படைக்கிறது. எந்தக் கம்பி, எந்த இயந்திரம் என்பது புரோகிராமுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வரிசையில் குறிக்கப்படுவது இயந்திரத்தின் பெயரன்று. அதற்கு இடப்பட்ட புனைபெயரே. அதனை ‘லாஜிகல் டெர்மினல்’ என்பர். கிடங்கிலுள்ள அச்சுப்பொறி பழுதானால், இயக்குபவர் ஓர் ஆணையால் அப்பெயரைப் பக்கத்து அச்சுப்பொறிக்கு மாற்றிவிடலாம். காத்திருக்கும் செய்திகளும் பெயரின் பின்னாலேயே போய்விடும். வீடு மாறியவருக்குத் தபால்காரர் கடிதத்தைப் புது வீட்டில் சேர்ப்பது போல! புரோகிராமில் ஒரு வரியும் திருத்த வேண்டியதில்லை.

இதனினும் முக்கியமானது விடை வெளியேறும் நேரம். ஒருவர் கணக்கில் 500 ரூபாய் எடுக்கிறார். புரோகிராம் தொகையைக் கழித்து, ‘முடிந்தது’ என விடை எழுதியபின் இடையில் நின்றுபோகிறது. அமைப்பு கழித்ததை மீட்டுப் பழைய இருப்பை நிறுத்துகிறது. விடை மட்டும் முன்னரே திரைக்குப் போயிருந்தால், குமாஸ்தா பணத்தைக் கொடுத்திருப்பார், கணக்கிலோ குறைந்திராது. ஆகவேதான், புரோகிராம் தன் வேலையை நிறைவேற்றி உறுதிசெய்யும்வரை விடை வரிசையை விட்டு நகர்வதில்லை. வேலை முறிந்தால் அந்த விடையும் அழிக்கப்படுகிறது.

ஐ.பி.எம்.மின் மற்றோர் அமைப்பான சி.ஐ.சி.எஸ்.ஸில் குறியீடு நான்கெழுத்துக்கு மிகாது. பெரிய நிலையங்களில் டெர்மினல்களை ஒரு பகுதி ஏற்க, புரோகிராம்களை வேறு பகுதி இயக்கும். முதற்பகுதி செய்தியைக் கடத்திவிட்டு, விடை திரும்பியதும் உரிய திரையில் காட்டும். கேட்டவருக்கு இந்த இடமாற்றமே தெரியாது.