வேலையின்போது நேர்ந்தது: பேரூராட்சிப் பணியாளர் இழப்பீடு பெறவும் வழக்கை எதிர்கொள்ளவும்

சோழவந்தான் போன்ற பேரூராட்சியில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். குப்பை டிராக்டரும் பேட்டரி வண்டியும் கிளம்பும். மேல்நிலைத் தொட்டி வால்வைத் திறக்க ஒருவர் போவார். தெருவிளக்குக்காக இன்னொருவர் கம்பத்தில் ஏறுவார். ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா வந்துவிட்டால் இந்த வேலையெல்லாம் இரட்டிப்பாகும். இவற்றில் இரண்டு விதமான ஆபத்து உண்டு. பணியாளருக்கே அடிபடலாம், பணியாளர் ஓட்டிய வண்டியால் அல்லது மூடாமல் விட்ட பள்ளத்தால் வேறொருவருக்கு அடிபடலாம். முன்னதற்கு இழப்பீட்டு மனு, பின்னதற்கு போலீஸ் வழக்கு. அலுவலகத்தில் இரண்டும் வேறுவேறு கோப்புகளாகப் போகும். ஆனால் இரண்டிலும் நிர்வாகத்தின் பொறுப்பைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: நேர்ந்தது வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்ததா? அதை நிறுவும் காகிதம் அடிபட்டவருக்கு இழப்பீட்டைப் பெற்றுத் தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பின்னால் நிர்வாகம் நின்றாக வேண்டும் என்பதற்கும் அதே காகிதமே ஆதாரம். அந்தக் காகிதம் முதல் ஒரு வாரத்தில் உருவானால்தான் உண்டு. பிறகு தயாரிக்கிற எதையும் எதிர்த்தரப்பு வக்கீல் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஆகவே முதல் வேலை மருத்துவமனையில் தொடங்குகிறது. சோழவந்தான் அரசு மருத்துவமனையானாலும் மதுரைப் பெரியாஸ்பத்திரியானாலும், பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் நாலு வரிதான் வழக்கின் அஸ்திவாரம். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். அழைத்துப் போகிறவர் பதற்றத்தில் ‘கீழே விழுந்துட்டாருங்க’ என்று மட்டும் சொன்னால் அதுவே பதிவாகும். ‘காலை ஆறரை மணிக்குப் பேரூராட்சிக் குப்பை டிராக்டரில் பணியில் இருந்தபோது தவறி விழுந்தார்’ என்று நேரம், இடம், வேலை மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வம்பு வேண்டாம், வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு என்று யாராவது யோசனை சொன்னால், அது எவ்வளவு நல்ல மனத்தோடு சொன்னதாக இருந்தாலும் கேட்கக் கூடாது. அந்த ஒரு பொய் பின்னால் வரும் எல்லா மெய்யையும் கெடுத்துவிடும்.

மறுநாளே செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ஒப்புகையை வாங்கிவைத்தால் போதும். அன்றைய வருகைப் பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துவையுங்கள். மேற்பார்வையாளர் ‘அந்தத் தெரு வாய்க்காலைப் பார்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவுக்கு நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும், மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. வேலைக்கு வரும் வழியில் அடிபட்டவர்களும் இதையெல்லாம் செய்ய வேண்டும். முள்ளிப்பள்ளத்திலிருந்தோ தென்கரையிலிருந்தோ இருட்டோடு கிளம்பி வருகிறவருக்கு வழியில் நேர்வது வேலையோடு சேர்ந்ததல்ல என்று முன்பு தள்ளிவிடுவார்கள். ஆனால் இரவுப் பணிக்குப் போன வழியில் இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், நேரமும் இடமும் சூழலும் வேலையோடு தொடர்புபட்டிருந்தால் அதுவும் பணிக்கால விபத்தே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது.

அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். இதில்தான் பலர் இடறுகிறார்கள். ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இழப்பீடு இ.எஸ்.ஐ. வழியாகத்தான்; அதே காயத்துக்கு நிர்வாகத்திடம் தனியாக ஊழியர் இழப்பீடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. இல்லையென்றால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். 1923-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயம் நிற்கிறது. அதற்கு முந்தைய விபத்துக்குப் பழைய சட்டமே. அடிபட்டது வாகனத்தால் என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் என்று இன்னொரு வழியும் திறக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவின்படி ஊழியர் இழப்பீடு, தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஓட்டுநரின் அலட்சியத்தை நிரூபிக்க முடியுமானால் தீர்ப்பாயத்தில் தொகை கூடும். முடியாதென்றால் ஊழியர் இழப்பீடே உறுதியான வழி, அங்கே யாருடைய அலட்சியத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சாக்கடைக் குழிக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறங்கி இறந்தால் கணக்கே வேறு. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று அதற்கு 30 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம்.

தொகையை நீங்களே கணக்கிட்டுக்கொண்டு போவது நல்லது. 1923 சட்டப்படி, இறப்புக்கு மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் மாத ஊதியம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். 40 வயதுக்கான காரணி 184.17. ஆக 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். இந்த எண்ணைத் தெரியாத குடும்பத்திடம்தான் இரண்டு லட்சத்துக்குச் சமாதானம் பேசப்படுகிறது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இறப்பு வழக்கில் பணத்தை நிர்வாகம் ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து கையில் கொடுத்ததைச் சட்டம் இழப்பீடாகவே ஏற்காது. உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி ஏறும். தகுந்த காரணம் இல்லையென்றால் தொகையில் பாதிவரை அபராதமும் சேரும். ஊழியர் இழப்பீட்டு மனுவுக்குக் கெடு இரண்டு ஆண்டு. ஆனால் வாகனத் தீர்ப்பாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதம் என்று சட்டத்தில் இருப்பதால், எதுவானாலும் ஆறு மாதத்துக்குள் போய்விடுவதே பாதுகாப்பு.

‘அவர் நம்ம ஆளே இல்லை, கான்ட்ராக்டர் ஆள்’ என்பது எல்லா அலுவலகத்திலும் வரும் பதில். இன்று தூய்மைப் பணியில் பெரும்பகுதி ஒப்பந்தத்திலோ சுய உதவிக் குழு வழியாகவோதான் நடக்கிறது என்பதால் இந்தப் பதிலைப் பொருட்படுத்தித்தான் ஆக வேண்டும். மதுரை நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் 2022 ஏப்ரலில் மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் ஒப்பந்த நிறுவனத்தின் பணியாளர்கள், ஆனால் இறந்த இடம் மாநகராட்சியின் நிலையம். 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு இந்த நிலைமைக்காகவே எழுதப்பட்டது. தன் வழக்கமான வேலையை ஒப்பந்ததாரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளி, தன் நேரடிப் பணியாளருக்குக் கொடுப்பதுபோலவே கொடுக்க வேண்டும்; கொடுத்ததைப் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். குப்பை அள்ளுவது பேரூராட்சியின் வழக்கமான வேலை அல்ல என்று எந்தச் செயல் அலுவலராலும் வாதாட முடியாது. ஆகவே மனுவில் ஒப்பந்ததாரர், பேரூராட்சி இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

இனி மறுபக்கம். குப்பை வண்டி மோதி ஒருவர் இறந்துவிட்டார் என்றால், ஓட்டுநர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை இப்போது ஐந்து ஆண்டு. அரசு அனுமதி இல்லாமல் நம் மீது வழக்கே போட முடியாது என்ற நம்பிக்கை ஊழியர்களிடையே பரவலாக இருக்கிறது. அதை நம்பி உட்காரக் கூடாது. அந்தப் பாதுகாப்பு, அரசின் அனுமதியின்றிப் பதவிநீக்க முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஓட்டுநருக்கும் மேஸ்திரிக்கும் அது பெரும்பாலும் கிடையாது. ஓட்டுநர் செய்ய வேண்டியது வேறு: வண்டியை எந்த வேலைக்காக, யார் சொல்லி எடுத்தார் என்பதற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துவது, வண்டியின் பிரேக் பற்றி முன்பே புகார் எழுதியிருந்தால் அதன் நகலைத் தேடி எடுப்பது, தன் தரப்பில் நிர்வாகம் வக்கீல் வைக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்பது. அதற்குப் பேரூராட்சி மன்றத் தீர்மானம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள்.

ஊழியர் செய்த தவறுக்கு ஊர்மக்கள் வரிப்பணத்தில் எதற்காக வக்கீல், எதற்காக இழப்பீடு என்று ஒரு வார்டு உறுப்பினர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓட்டுநரைக் கைவிட்டால் முதலில் பாதிக்கப்படுவது வண்டி மோதிய குடும்பம்தான். தினக்கூலிக்காரரிடம் பத்து லட்சத்துக்குத் தீர்ப்பு வாங்கி அவர்கள் எதைச் சாதிக்க முடியும்? ராஜஸ்தானில் கலெக்டரின் ஜீப் பழுது பார்த்துத் திரும்பும்போது மோதி ஒருவர் இறந்த வழக்கில், ஓட்டுநரின் அலட்சியத்துக்கு மாநில அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் எல்லையையும் வகுத்தது: பாதிக்கப்பட்டவருக்கு அமைப்பு முதலில் கொடுக்கட்டும், வேண்டுமென்றே அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவரிடமிருந்து அதைப் பிறகு வசூலிக்கட்டும். நல்லெண்ணத்தோடு வேலை செய்தவரைக் காப்பதும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரைத் தண்டிப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது, மறுபடியும், அந்த முதல் வாரத்துக் காகிதம்.

பணம் இல்லை என்ற தடையும் உண்மைதான். சிறிய பேரூராட்சிக்குப் பதின்மூன்று லட்சம் பெரிய தொகை. அதற்குத்தான் காப்பீடு. அதன் பாலிசியைச் செயல் அலுவலர் தானே ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். டிராக்டருக்குப் பாலிசி இருக்கும், ட்ரெய்லரின் பதிவெண் அதில் இருக்காது. ட்ரெய்லரில் நின்று குப்பை வாங்கும் பணியாளருக்குத் தனிப் பிரீமியம் கட்டியிருக்க மாட்டார்கள். மட்கார்டில் உட்கார்ந்து போனவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால், நிறுவனம் குடும்பத்துக்குக் கொடுத்ததைப் பேரூராட்சியிடமே திரும்ப வசூலிக்கும். ஆகவே அடுத்த புதுப்பித்தலுக்கு முன்பே ட்ரெய்லர் பதிவெண்ணையும் வண்டியோடு போகும் பணியாளர் எண்ணிக்கையையும் பாலிசியில் ஏற்றுங்கள். ஒப்பந்தப் பணிக்கான டெண்டரில் இ.எஸ்.ஐ. எண் பட்டியல் கொடுத்தால்தான் மாதப் பில் பாஸாகும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். உரிமம் காலாவதியாகும் தேதிகளை எழுதி, ஓட்டுநர்கள் காலையில் கையெழுத்துப் போடும் மேசைக்கு மேலேயே ஒட்டிவையுங்கள்.