வாளில்லாமல் வாளை வென்ற வழி

சாமுராய் என்றால் தலை உருளும் சினிமாச் சண்டைதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் ஜப்பானில் யக்யூ ஷின்காகே-ர்யூ என்று ஒரு வாள்வித்தை இருக்கு. வயது 450 வருடத்துக்கு மேல். அதில் மிகப் பெரிய வித்தையே, கையில் வாள் இல்லாமல் நிற்பதுதான்!

'ர்யூ' என்றால் நீரோட்டம். நம்ம பள்ளிக்கூடம் மாதிரி கட்டடம் இல்லை. குருவிடமிருந்து சீடருக்கு ஓடி வருவது. 'ஷின்காகே' என்றால் புதிய நிழல்.

இதைத் தொடங்கியவர் கமீசுமி நோபுட்சுனா. 16-ஆம் நூற்றாண்டு, ஜப்பான் முழுக்க பிரபுக்கள் அடித்துக்கொண்ட காலம். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு ஊரில் திருடன் ஒருவன் சின்னக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு குடிசைக்குள் புகுந்துவிட்டான். கிட்டே போனால் கொன்றுவிடுவான். கமீசுமி தலையை மொட்டை அடித்து, ஒரு துறவியிடம் உடை வாங்கிப் போட்டுக்கொண்டு, சோற்று உருண்டை எடுத்துப் போனார். துறவிதானேன்னு திருடன் கையை நீட்டினான். அவ்வளவுதான், பிடித்து அமுக்கிவிட்டார். 1954-இல் வந்த அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்தில் இதே மாதிரி காட்சி வருது.

அந்தக் காலத்தில் மரவாளால் பழகினார்கள். ஓங்கி அடித்தால் எலும்பு முறியும், உயிர்கூடப் போகும். பாதியில் நிறுத்தி நிறுத்தி அடித்தால் வித்தை வராது. அப்போ என்ன செய்வது? கமீசுமி மூங்கிலை நுனிப் பக்கம் கீற்றுகளாகப் பிளந்து, தோல் உறை மாட்டி, அரக்குப் பூசினார். சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் அதற்குத் தேரைத் தோல் என்று பெயர்! இதனால் முழு வேகத்தில் அடிக்கலாம், வலிக்கும், ஆனால் ஆள் பிழைப்பான். என்னைக் கேட்டால் எந்த வாளையும்விட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு. (மூங்கில் என்றதும் யாரும் நம்ம சார்கள் கையில் இருக்கும் பிரம்பை நினைக்க வேண்டாம்.)

1563-இல் யக்யூ முனேயோஷி என்ற வீரர் இவர்களோடு மோதித் தோற்றார். கோபப்படவில்லை, சீடராகச் சேர்ந்தார். வாளோடு வருகிறவனை வாளில்லாமல் எப்படி வெல்வது என்று கண்டுபிடி என்று குரு வேலை கொடுத்துப் போனார். முனேயோஷி கண்டுபிடித்தார், 1565-இல் குருவின் அங்கீகாரமும் கிடைத்தது. 1594-இல் தொகுகவா இயேயாசு என்ற பெரிய பிரபு மரவாளோடு வர, வெறுங்கையால் அதைப் பிடுங்கிக் காட்டினார். இயேயாசு அசந்துபோய், எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றார். எனக்கு வயசாகிவிட்டது என்று மகன் முனேநோரியை அனுப்பினார்.

இங்கேதான் வழி இரண்டாகப் பிரியுது. முனேநோரி எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஷோகன்களுக்கே ஆசான். 1632-இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு பகுதியின் பெயர் 'கொல்லும் வாள்', இன்னொன்று 'உயிர் தரும் வாள்'.

எனக்கு மனசில் நிற்பது மூத்த மகன்தான். அவர் போரில் காயப்பட்டு உடல் ஊனமானவர். அதனால் அவரோட வழி நின்றுவிடவில்லை. அவர் மகனுக்குத் தாத்தாவே நேரில் கற்றுக்கொடுத்தார். அந்தப் பேரன் 1615-இல் ஒவாரி நாட்டுப் பிரபுவிடம் ஆசானாகச் சேர்ந்தார். அடுத்த தலைமையை மகனுக்குத் தராமல், நன்றாகக் கற்ற அந்தப் பிரபுவுக்கே தந்தார்! பிறகு அது யக்யூ குடும்பத்துக்கே திரும்பி வந்தது.

1876-இல் அரசாங்கம் பொது இடத்தில் வாள் அணியத் தடை போட்டது. பல வழிகள் அழிந்தன. இது அழியலை. ஒவாரியின் தலைநகராக இருந்த நகோயாவில் இன்றும் பெண்களும் ஆண்களும் சேர்ந்து பழகுறாங்க, அதே தேரைத் தோல் மூங்கிலை வைத்து.

– 9-ஆம் வகுப்பு மாணவி