மிளகு முதலில் போகட்டும், விசா பிறகு வரட்டும்

வெளிநாட்டில் தொழில்: கேள்வி - பதில்

கேள்வி: கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம், ஊடே காபி. அக்கா வீட்டுக்காரர் துபாயில் பல வருஷமாக வேலை பார்க்கிறார். நம்ம மலை மிளகு, காபி, சாமை விற்க அங்கே ஒரு கடை போடலாம், நீ முதலீட்டாளர் விசாவில் வந்துவிடு என்கிறார். அப்பா விட்டுப்போனதும் எங்கள் சேமிப்புமாகக் கையில் 30 லட்சம் ரூபாய் இருக்கிறது. பற்றாக்குறைக்கு நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாமா? ஏஜென்ட் ஒருவர், இன்னும் கொஞ்சம் போட்டால் அமெரிக்காவுக்கே முதலீட்டாளர் விசா வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகர், செம்மேடு

பதில்: அமெரிக்கப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். சிறிய முதலீட்டில் அங்கே தொழில் நடத்த உதவும் இ-2 விசா, அமெரிக்காவோடு அதற்கென ஒப்பந்தம் உள்ள நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. மிச்சமிருப்பது இபி-5. அதற்குக் குறைந்தது 8 லட்சம் டாலர் முதலீடு வேண்டும், பத்துப் பேருக்கு முழுநேர வேலை உருவாக வேண்டும். பிரிட்டன் தன் முதலீட்டாளர் விசாவை 2022 பிப்ரவரியிலேயே மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவும் 2024 ஜூலையோடு தொழில் முதலீட்டு விசாவுக்குப் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டது. 'கொஞ்சம் கூடப் போட்டால் அமெரிக்கா' என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

துபாய் அப்படியல்ல, நடக்கக்கூடிய வழிதான். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களை உள்ளூர்க்காரர் பங்கு இல்லாமலே வெளிநாட்டவர் முழு உரிமையோடு நடத்தலாம். முதலில் டிரேட் லைசென்ஸ், அதில் உங்கள் பெயரில் பங்கு, அதன்பேரில் பங்குதாரர் விசா என்பதுதான் வரிசை. இந்த விசா பொதுவாக இரண்டு வருஷத்துக்கு. லைசென்ஸ் உயிரோடு இருக்கும்வரைதான் விசாவும். அதனால் கடை வாடகையையும் வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ ஸோன் லைசென்ஸ் மலிவு என்பார்கள். ஊருக்குள் கடை திறந்து சில்லறை விற்பனை செய்ய மெயின்லேண்ட் லைசென்ஸ்தான் வேண்டும். அக்கா வீட்டுக்காரர் வேலை விசாவில் இருந்தால், பங்குதாரராகச் சேர முதலாளியின் சம்மதக் கடிதம் தேவையா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பதை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது பணம் அனுப்புவது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், பான் அட்டை கட்டாயம். உங்கள் தொகை அந்த வரம்புக்குள்தான் வரும். ஆனால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் முதலீட்டுத் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் உண்டு. 30 லட்சத்தையும் ஒரே நிதியாண்டில் அனுப்பினால், முதல் 10 லட்சம் போக மீதிக்கு 4 லட்சம் ரூபாயை வங்கி கூடுதலாக வாங்கி வரித் துறைக்குக் கட்டிவிடும். பாதியை மார்ச்சுக்குள்ளும் மறுபாதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இது 2 லட்சமாகக் குறையும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து இதைத் திரும்பப் பெறலாம், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

குடும்பச் செலவு என்று எழுதிப் பணத்தை அனுப்பி, அங்கே கம்பெனியில் போட்டுவிடுபவர்கள் உண்டு. அது தவறு. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, வங்கியில் படிவம் எஃப்சி கொடுத்து முதலீட்டுக்கு ஒரு தனி எண் வாங்கிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் கம்பெனியின் நிலவர அறிக்கை தர வேண்டும்.

நிலத்தை வைக்காதீர்கள். இப்படி வெளிநாட்டில் முதலீடு செய்ய வங்கி கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படியென்றால் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும். கடை நஷ்டப்பட்டால் லைசென்ஸை ரத்து செய்துவிட்டு வரலாம். மலையில் போன நிலம் திரும்பாது.

இந்தப் பணம் எப்படி வந்தது என்று காட்டவும் தயாராக இருங்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் நம் மக்கள் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. சந்தையில் மிளகை எடை போட்டுக் கையில் பணம் வாங்கி வந்துவிட்டால் துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது. இந்த அறுவடையிலிருந்தே ரசீது கேளுங்கள், பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், சிட்டா, அடங்கல் நகல்களை எடுத்து வையுங்கள். காபியில் ஒரு நுணுக்கம் உண்டு. விளைவித்தவரே பதப்படுத்தி விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதமும், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதமும் தொழில் வருமானமாகக் கணக்காகும். ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வியாபாரத்துக்கு நீங்கள் துபாயில் குடியிருக்கத்தான் வேண்டுமா? மிளகை அனுப்ப விசா வேண்டாம். 500 ரூபாய் கட்டணத்தில் ஏற்றுமதி-இறக்குமதி எண் வாங்கலாம். மிளகுக்கு நறுமணப் பொருள் வாரியத்திலும், காபிக்குக் காபி வாரியத்திலும், சாமைக்கு அபெடாவிலும் பதிவு செய்துகொள்ளலாம். 2022 மே 1 முதல் இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையே வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் அங்குள்ள நாலு மளிகைக் கடைகளில் மாதிரி கொடுத்துப் பார்க்கட்டும். வாங்குபவர் முதலில் கேட்பது மிளகின் ஈரப்பதமும் லிட்டர் எடையும்தான். கொல்லிமலையின் பேர் அதற்குப் பிறகுதான் எடுபடும். ஒரே சீராகக் காயவைத்து, பதர் நீக்கி, தரம் பிரித்துக் கொடுக்க முடிகிறதா என்று அந்தச் சின்னச் சரக்கிலேயே தெரிந்துவிடும். ஒரு வருஷம் இப்படி அனுப்பி, கேட்டு வாங்கும் கடைகள் அமைந்த பிறகு லைசென்ஸும் விசாவும் எடுங்கள்.

கேள்வி: ஒரு லட்சம் திர்ஹாம் கட்டினால் அமீரகத்தில் வாழ்நாள் கோல்டன் விசா என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, சோளக்காடு

பதில்: இல்லை. 2025 ஜூலையில் இந்தச் செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது, சுமார் 23 லட்சம் ரூபாய் என்று கணக்கும் சொன்னார்கள். சில நாட்களிலேயே அமீரக அடையாள, குடியுரிமை ஆணையம் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மறுத்துவிட்டது. முதலீட்டின்பேரில் வரும் கோல்டன் விசாவுக்கு, வீடு, மனை வாங்கினால் 20 லட்சம் திர்ஹாம் மதிப்பு வேண்டும். விண்ணப்பங்களை அரசின் அதிகாரபூர்வ வழிகளில் மட்டுமே கொடுங்கள். இந்த ஆசையைக் காட்டி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.