அம்மாவும் மகளும் சேர்ந்து சேலை விற்கிறீர்களா?

ஈரோடு, இளம்பிள்ளை, சின்னாளபட்டி என்று போய்ச் சரக்கெடுத்து, அக்கம்பக்கத்தில் தவணைக்குச் சேலை கொடுத்துவந்த அம்மாக்களோடு இப்போது படித்த மகள்களும் சேர்ந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஆட்களைத் தெரியும், மகளுக்கு வாட்ஸ்அப் தெரியும். நல்ல கூட்டணிதான். ஆனால் குடும்பமும் வியாபாரமும் ஒரே கூடத்தில் நடப்பதால், சில ஏற்பாடுகளை முதலிலேயே செய்துகொள்ளுங்கள்.

1. மகளுக்குச் சம்பளம் போடுங்கள். "நம்ம பொண்ணுதானே, கேட்டா கொடுக்கப் போறோம்" என்று விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்கும் பணம் வேறு, உழைத்து வாங்கும் பணம் வேறு. மாதம் 3,000 ரூபாயானாலும் தேதி தவறாமல் அவள் கணக்கில் போட்டுவிடுங்கள். லாபத்தில் பங்கு என்றால் எத்தனை சதவீதம் என்று எழுதி வையுங்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் தொடர்ந்து விற்கப்போகிறாள் என்றால் இந்த எழுத்து மிகவும் அவசியம். அம்மாவும் தனக்கென்று ஒரு தொகை எடுத்துக்கொள்ள வேண்டும். பல அம்மாக்கள் எடுப்பதே இல்லை.

2. வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி க்யூஆர் அட்டையும் வேண்டும். இல்லாவிட்டால் பால் காசும் சேலைக் காசும் கலந்துவிடும்.

3. வாங்க வந்தவர் முன்னால் விலையில் இரண்டு பேச்சு கூடாது. அம்மா 1,200 என்றதை மகள் 1,100க்குக் கொடுத்தால், அதன்பிறகு அம்மா சொல்லும் எந்த விலைக்கும் மதிப்பிருக்காது. எவ்வளவு வரை இறங்கலாம் என்பதை முன்பே பேசி, சேலைச் சீட்டில் குறியெழுத்தில் எழுதி வையுங்கள். பத்து எண்களுக்குப் பத்து எழுத்துகளை ஒதுக்கிக்கொண்டால் போதும். ஜவுளிக்காரர்களின் பழைய வழக்கம் இது.

4. தவணைப் பாக்கி அம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும். அவர் நாலு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் மகளுக்கு ஒன்றும் தெரியாது. பெயர், சேலை, விலை, தேதி என எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். பணம் வாங்கும்போதெல்லாம் மீதி பாக்கியை எழுதி, அதன் எதிரே அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுகள்தான் அவகாசம். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மறுபடியும் 3 ஆண்டு. சேலைப் பாக்கிக்கு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை என்றாலும், "அன்னிக்கே கொடுத்துட்டேனே" என்ற மனத்தாங்கல் வராது. வசூலுக்கு மட்டும் மகளைத் தனியே அனுப்பாதீர்கள். பழகியவர் அம்மா, கேட்க வேண்டியவரும் அவரே.

5. படம் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் எடுங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே நிறம் மாறித் தெரியும். முந்தி, உடல், கரை, ரவிக்கைத் துணி நான்கையும் தனித்தனியாகக் காட்டுங்கள். என்ன நூல் என்று அம்மா தொட்டுப் பார்த்துச் சொல்ல, மகள் எழுதட்டும். கலப்புப் பட்டைச் சுத்தப் பட்டு என்று எழுதவே கூடாது. சுத்தப் பட்டு விற்பதானால் சில்க் மார்க் முத்திரையுள்ள சரக்கை எடுங்கள்.

6. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பெங்களூருக்குக் கூரியர் அனுப்பத் தொடங்கினால் நிலைமை வேறு. வெளிமாநில விற்பனைக்கு, சில கைவினைப் பொருட்கள் போன்ற விலக்குகள் தவிர, அந்த வரம்பு உதவாது. முதல் பார்சலுக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

7. சாப்பிடும்போது வியாபாரப் பேச்சு வேண்டாம்.

8. கொள்முதலுக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். ஈரோட்டு வாரச் சந்தை திங்கள் இரவே சூடுபிடித்துவிடும். கொண்டுபோகும் பணத்தில் ஒரு பங்கை மகளிடம் கொடுத்து, அவள் விருப்பப்படி எடுக்கச் சொல்லுங்கள். அவள் வயதுக்காரிகள் எதைக் கட்டுவார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் எடுத்ததில் நாலு தேங்கினால் ஆடியில் விலை குறைத்துத் தள்ளிவிடலாம். சொல்லிக்காட்டினால், அடுத்த வாரம் அவள் சந்தைக்கே வரமாட்டாள்.