பாலிக்குப் போகுமுன்...

பள்ளி விடுமுறை வந்தாலே போதும், "அண்ணே, பாலிக்குப் போகலாமா?" என்று மன்றத்துத் தம்பிகள் கேட்க ஆரம்பித்து விடுகிறார்கள். தாராளமாகப் போகலாம். அங்கே பெரும்பாலோர் இந்துக்கள். நானும் "நம்ம சாமிதானே, நமக்குத் தெரியாததா?" என்ற நினைப்பில்தான் போனேன்.

முதல் நாள் காலையிலேயே அந்த நினைப்பு உடைந்தது. கைப்பேசியைப் பார்த்தபடி நடந்தவன், ஒரு கடை வாசலில் இருந்த சிறிய ஓலைத்தட்டை மிதித்துவிட்டேன். பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றிய தட்டு. 'சானாங் சாரி' என்னும் அன்றாடப் படையல் அது. கடைக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பூக்களைப் பொறுக்கி மறுபடி அடுக்கினார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அன்று நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

1. கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். மலேசியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 150,000 ரூப்பியா கட்டணம் உண்டு. இணையத்திலேயே முன்கூட்டிக் கட்டிவிடுங்கள்.

2. நம் மூன்று முனை மின்செருகி அங்கே பொருந்தாது. இரண்டு உருண்டை முனை உள்ள மாற்றுச்செருகி எடுத்துச் செல்லுங்கள்.

3. டிக்கெட் வாங்குமுன் 'நியெப்பி' எந்தத் தேதி என்று பாருங்கள். பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும் சக வருடப் பிறப்பு அது. மௌன விரத நாள். 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். சுற்றுப்பயணிகளும் வெளியே நடமாட முடியாது.

4. கோயிலுக்குச் சாரோங் கட்டி, இடுப்பில் துணிக்கச்சை சுற்ற வேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே போவதில்லை. கும்பிடுபவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். படம் எடுப்பதற்காகப் பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறி நிற்காதீர்கள்.

5. நம் கோயில் போல மூலவர் சிலையைத் தேடாதீர்கள். பல கோயில்களில் 'பத்மாசனம்' என்னும் வெற்றிருக்கைதான் இருக்கும். தீர்த்தம் கொடுத்தால் வலக்கையில் வாங்கி மூன்று முறை அருந்துங்கள். அரிசி கொடுத்தால் நெற்றியில் ஒட்டிக்கொள்ளுங்கள். நமக்குத் திருநீறு மாதிரி.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். "ஓம் சுவஸ்தியஸ்து" என்று கைகூப்பினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கைகூப்பினார்.

சொந்தக்காரர் வீடுதான். ஆனாலும் வாசலைப் பார்த்துத்தானே கால் வைக்க வேண்டும்?