காயம் ஆறட்டும், பிறகு பறக்கலாம்

கோப்பாய்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். இடப்பக்கக் கடைவாயில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஞானப்பல்லும் எடுத்தாயிற்று, வீக்கம் வற்றிக்கொண்டு வருகிறது என்று அம்மா சொன்னா. அடுத்த கிழமையே இரத்மலானைக்குத் திரும்பி விமானம் ஓட்ட நிற்கிறாய் என்றும் சொன்னா. பயிற்சி மணித்தியாலங்கள் பிந்துகிற கவலை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பல் வைத்தியப் பிரிவில் தாதியாக இருந்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்: காயம் ஆறின பிறகு பறக்கிற நாளைக் குறி. நாளைக் குறித்துவிட்டுக் காயத்தை அவசரப்படுத்தாதே.

பல் எடுத்த குழியில் உறைந்திருக்கும் இரத்தக்கட்டிதான் அந்தக் காயத்துக்கு மூடி. அது பெயர்ந்தால் உள்ளே எலும்பு வெளிக்கும், வலி காதுவரை ஏறும், வாய் மணக்கும். இந்தக் கோளாறு பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளில்தான் தலைகாட்டும். எல்லாம் சுகமாகிவிட்டது என்று நினைக்கிற நேரம் அது. அப்படி வலித்தால் கராம்பு எண்ணெயை நீயாகக் குழிக்குள் விடாதே. வைத்தியர் குழியைக் கழுவி மருந்து வைத்துவிடுவார். இளநீரை ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சாமல் கோப்பையில் ஊற்றிக் குடி. உறிஞ்சுகிற இழுவைக்கே கட்டி பெயரும். சொதியில் ஊறவிட்ட இடியப்பம், வடித்த இலைக்கஞ்சி, உளுந்தங்களி எல்லாம் ஆறவைத்துச் சாப்பிடு. பிட்டும் கச்சானும் குழிக்குள் போய் அடையும். ஒடியல் கூழின் உறைப்பும் இப்போது வேண்டாம். சாப்பிட்ட பிறகு இளஞ்சூடான உப்புத் தண்ணீரை வாயில் மெல்லச் சுழற்றி விடு, ஓங்கித் துப்பாதே.

இனி உன் தொழிலுக்கு வருகிறேன். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும். 8,000 அடியில் அது தரையில் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். பலாலியிலிருந்து சென்னை போகிற பெரிய விமானத்தில் அறைக்குள் அழுத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். நீ பழகுகிற சிறிய விமானத்தில் அந்த வசதி இல்லை. ஏறுகிற ஒவ்வொரு அடியும் நேரே உன் உடம்பில் தெரியும். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது. அதே போர்க்காலத்தில்தான் உயரே போன விமானிகளுக்கு வரும் பல்வலியை வைத்தியர்கள் ஊன்றிக் கவனித்தார்கள். சூத்தைப்பல், பழைய பல்லடைப்பு, சைனஸ் இவையே அதற்கு முக்கியமான காரணங்கள். ஆகவே மிச்சப் பற்களையும் இந்தச் சாட்டோடு ஒருமுறை காட்டிவிடு.

கீழ்ப்பல்லின் குழி வாய்க்குள் திறந்து கிடப்பதால் அழுத்தம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. எனக்குக் கவலை மேற்பல்லைப் பற்றித்தான். அதன் வேர் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் சைனஸ் காற்றறையை ஒட்டி நிற்கும். பல்லை எடுக்கையில் சிலருக்கு இடையிலுள்ள மெல்லிய எலும்பு திறந்துவிடும். தண்ணீர் குடிக்கையில் மூக்கால் வந்தாலோ, குழிக்குள் காற்று புகுந்து வருவதுபோல் தெரிந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போ.

விமானம் இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுவீர்கள் அல்லவா? அந்தப் பழக்கம்தான் இப்போது ஆபத்து. ஊதுகிற காற்று சைனஸுக்குள் போய், ஆறுகிற தசையை மேலிருந்து தள்ளும். மூக்கைப் பலமாகச் சிந்துவதும் அப்படியே. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மு. சைனஸ் திறந்திருந்தால் அது மூட இரண்டு கிழமைக்கு மேலும் எடுக்கலாம். காதடைப்பை எடுக்க ஊதவேண்டி வரும் என்றால் அந்தப் பறப்புக்கு நீ இன்னும் ஆயத்தமில்லை.

குளிசை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். கோடீன், டிரமடோல் போன்றவை தூக்கத்தைத் தரும், கவனத்தைக் கலைக்கும். அவை உடம்பில் இருக்கும்வரை விமானத்தைத் தொடவே கூடாது. பரசிற்றமோல் சாதாரணமானதுதான். ஆனால் அதைப் போட்டால்தான் பறக்க ஏலும் என்றால், அந்த வலியே உன்னை நிலத்தில் இருக்கச் சொல்கிறது. உடல்தகுதி குறைந்திருப்பதை அறிந்த விமானி தன் உரிமத்தின்படி பறக்கக்கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியே சொல்கிறது. அந்த வலியை உன்னைத் தவிர வேறு ஒருவரும் அறியமாட்டார்கள். அதனால்தான் அந்த விதி முதலில் விமானியின் நேர்மையை நம்பி நிற்கிறது.

வாயை வடிவாய்த் திறக்க ஏலுமா என்றும் பார். மூன்று விரலை நிறுத்தி உள்ளே விடக்கூடியதாக இருந்தால் நல்லது. கீழ்ப்பல் எடுத்த பிறகு சிலருக்கு உதடும் நாக்கும் மரத்துப்போயிருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலியில் கதைக்கும்போது ஒரு எண் குழறினாலும் கேட்பவர் பிழையாக விளங்கிக்கொள்வார். ஓடுபாதை எண்ணையும் உயரத்தையும் அம்மாவுக்கு முன்னால் உரக்கச் சொல்லிப் பழகு.

தையல் பார்க்கப் போகும்போது பல் வைத்தியரிடம் மூன்று கேள்வி கேள்: சைனஸ் திறந்ததா, குழி மூடிவிட்டதா, எந்தக் குளிசையை எப்போது நிறுத்தலாம். அவர் சொல்வதை எழுதி வாங்கி, உனக்கு மருத்துவச் சான்று தந்த விமானத்துறை வைத்தியருக்கும் பயிற்றுநருக்கும் தெரியப்படுத்து. இரத்மலானைக்கு பஸ்ஸிலேயே போ. முதல் பறப்பு பயிற்றுநரோடு, தாழ்ந்த உயரத்தில், குறுகிய நேரமாக இருக்கட்டும். இரண்டு கிழமை பிந்தினால் உன் உரிமமும் இரண்டு கிழமை பிந்தும், அவ்வளவுதான். வருங்காலத்தில் உன் பின்னால் பயணிகள் இருப்பார்கள். "இன்றைக்கு என்னால் ஏலாது" என்று சொல்ல இப்போதே பழகினால் அவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்கள்.

வைத்தியர் சொன்னதை எனக்கு ஒருக்கால் எடுத்துச் சொல்லு.

அன்புடன்,
பெரியம்மா